நாக்கின் கணக்கு: பீப்பாயில் 14 மாதம் கிடந்த பீர்

பெல்ஜியத்திலிருந்து என் அக்கா மகன் கொண்டுவந்த இரண்டு பாட்டில் பண்ணை பீரைத் தேயிலை ருசிபார்க்கும் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்ததாகச் சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக நெய், காப்பித்தூள், ஊறுகாய் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த முறை அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் பாதிப் பேர் "பெயர் போட வேண்டாம்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்கள். வம்பு எதற்கு, எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

கோத்தகிரி வாசகி: பண்ணை பீர் என்றால் என்ன? கடையில் விற்கிற பீருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? "எல்லாம் ஒன்றுதான், பெயர்தான் வேறு" என்கிறார் என் கணவர்.

டீக்கடை டஸ்டும் ஜனவரி உறைபனியில் பறித்த முழு இலைத் தேயிலையும் ஒரே செடியில்தான் வருகின்றன. இரண்டும் ஒன்றுதானா என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். கோத்தகிரிக்காரர், பதில் தெரியும்.

நம் கடைகளில் இருப்பது பெரும்பாலும் லாகர். அதன் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாக வேலை செய்யும். பிறகு இன்னும் குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளியும். ஏல் என்பது 20 டிகிரிக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பில் நொதிப்பது. வெப்பம் கூடினால் ஈஸ்டுக்குக் குஷி, கண்டபடி வாசனைகளைக் கக்கும். (ஏல் என்றால் ஏலக்காய் போட்டதா என்று கேட்ட ஈரோடு வாசகருக்கு: இல்லை.)

பண்ணை ஏல் என்பது ஐரோப்பிய விவசாயிகள் தங்கள் வீட்டுக்கும் ஆட்களுக்கும் தாங்களே காய்ச்சிக்கொண்டது. பின்லாந்தில் அதற்குச் சாஹ்தி என்று பெயர், ஜூனிபர் கிளைகளைப் பரப்பி அதன் வழியாக வடிப்பார்கள். நார்வேக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டு ஈஸ்டை உலர்த்திக் காத்துவந்தார்கள், நம் வீட்டு உறைமோர் மாதிரி. தெற்கு பெல்ஜியத்தில், பிரெஞ்சு பேசும் ஹைனோ மாகாணத்தில் இதன் பெயர் செசோன். பருவம் என்று அர்த்தம். குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது, பண்டத்தைக் கெடுக்கும் கிருமிகளின் ஆட்டமும் அடங்கியிருக்கும். அப்போது காய்ச்சி வைத்து, கோடையில் வேலைக்கு வரும் கூலியாட்களுக்குக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் அறுப்புக்கு வருகிறவர்களுக்குக் கூழும் மோரும் கொடுத்த கணக்குதான். அந்தக் காலத்துச் செசோனில் போதை குறைவு. குடித்துவிட்டுத் தள்ளாடினால் அரிவாளை யார் பிடிப்பது? இப்போது விற்பவை பெரும்பாலும் 5 முதல் 7 சதவீதம். தூர்ப் கிராமத்து டூபோன் ஆலையின் செசோன் இந்த வகைக்கே அளவுகோல் மாதிரி, அது 6.5 சதவீதம்.

செசோன் ஈஸ்டுகளில் பல 30 டிகிரி வெப்பத்திலும் சளைக்காமல் வேலை செய்யும். சில ரகங்கள் மற்ற ஈஸ்டுகளால் செரிக்க முடியாத சர்க்கரைகளையும் உடைத்துத் தின்றுவிடும். அதனால் பீரில் இனிப்பே மிஞ்சாது. குடித்தால் நாக்கு துடைத்துவிட்ட பலகை மாதிரி இருக்கும்.

குன்னூர் வாசகர்: தேயிலை டேஸ்டர் பீரை எப்படி ருசி பார்த்தீர்கள்? நன்றாக இருந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்திருந்தால் 31 வருடம் டேஸ்டிங் ரூமில் வைத்துச் சம்பளம் கொடுத்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என் அக்கா மகன் நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஹைனோவில் ஒரு சின்னப் பண்ணை ஆலையில் இருக்கிறான். அங்கே அவனை ஒரு சோதனை செய்துபார்க்க விட்டார்கள். 450 லிட்டர் செசோனை ஒன்றாகக் காய்ச்சினான். நொதித்து முடிந்ததும் பாதியை எஃகுத் தொட்டியிலிருந்து நேராகப் பாட்டிலில் அடைத்தான். மீதி 225 லிட்டரை, சிவப்பு ஒயின் இருந்து காலியான ஒரு ஓக் பீப்பாயில் நிரப்பி, கூடவே ஒரு காட்டு ஈஸ்டையும் தயிர்க் கிருமியையும் விட்டு, 14 மாதம் போட்டுவைத்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற ஆளுக்கு விமான நிலையச் சுங்கத்தில் 2 லிட்டர் வரை மது அனுமதி. அவன் கொண்டுவந்தது 750 மில்லியில் இரண்டு பாட்டில், எஃகில் இருந்தது ஒன்று, பீப்பாயில் கிடந்தது ஒன்று. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒன்று ஹாஸ்டலில் வளர்ந்தது, மற்றது தாத்தா வீட்டில்.

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி. ருசி பார்க்கிற வேலையைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும், அது தொழில் பழக்கம். இந்த பீரை 10 முதல் 14 டிகிரிக்குள் குடிக்க வேண்டுமாம். குன்னூரில் ஜனவரி மாதம் எங்கள் கூடமே அந்தச் சூட்டில்தான் இருக்கும், ஃப்ரிட்ஜ் எதற்கு? வடக்கு ஜன்னல் ஓரம் மேஜையைப் போட்டு, என் பழைய வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்தேன்.

முதல் தப்பு என்னுடையது. "மாமா, ரெண்டு நாள் நிக்க வச்சிடுங்க, அடியில வண்டல் இருக்கு" என்று அவன் சொல்லியிருந்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவில் குலுங்கி வந்த பாட்டிலை மறுநாள் காலையிலேயே கையில் எடுத்தேன். கம்பியை முறுக்கியதுதான் தெரியும். தக்கை உத்தரத்தில் அடித்தது, கால் பாட்டில் நுரையாக என் மனைவியின் புது மேஜை விரிப்பில் போயிற்று. குலுங்கியது ஒரு காரணம், உயரம் இன்னொன்று. பாட்டிலில் அடைத்தது சமவெளிக் காற்றழுத்தத்தில். குன்னூரில் அந்த அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே இருக்கிற வாயுவுக்கு வெளியே வர அவ்வளவு சௌகரியம். இதே உயரத்தால்தான் இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

இரண்டாவது தப்பு பழக்கதோஷம். தேயிலையைக் கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து ‘ஸ்ர்ர்ப்’ என்று உறிஞ்சுவோம். சாறு தூவானமாக அண்ணத்தில் பட்டால்தான் வாசனை மூக்குக்குப் பின்பக்கமாக ஏறும். அதே மாதிரி பீரை உறிஞ்சினேன். நுரை மூக்கு வழியாக வந்தது. அஞ்சு நிமிடம் தும்மல். "மாமா, இது டீ இல்ல, சும்மா குடிங்க. துப்பவும் கூடாது" என்றான். பீர் ருசி பார்க்கிறவர்கள் துப்புவதில்லை, விழுங்கினால்தான் கசப்பின் வால் தெரியும் என்பது அவர்கள் கட்சி. சரி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு விழுங்கினேன். மற்றதைப் பழையபடி தொட்டியில் துப்பினேன்.

எஃகு பாட்டிலில் இருந்தது வைக்கோல் நிறம், லேசான மங்கல். நுரை தடித்து வெள்ளையாக நின்றது. எலுமிச்சைத் தோலைக் கீறின வாசனை, அதன் பின்னால் வெள்ளை மிளகு. வாயில் ஈரமே இல்லாத மாதிரி ஒரு வறட்சி, கோதுமை ரஸ்க்கை மிளகு தொட்டுக் கடித்தது போல. கசப்பு இருந்தது, ஆனால் உட்காரவில்லை, வந்த வேலையை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டது. எங்கள் பாஷையில் இதற்கு ‘பிரிஸ்க்’ என்று எழுதுவோம்.

பீப்பாய் பாட்டிலைத் திறந்ததும் முதலில் வந்தது குதிரை. மிகைப்படுத்தவில்லை. ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள் நிற்குமே, மழை நாளில் சேணத்தைக் கழற்றினால் அடியில் ஒரு கம்பளி நனைந்து கிடக்கும், அந்த வாசனை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "யாரு கம்பளிய ஈரத்தோட மடிச்சு வச்சது?" என்று கேட்டாள். நிறம் புழங்கிய தாமிரக் காசு. நுரை வந்த வேகத்தில் அமர்ந்துவிட்டது.

வாயில் வைத்தால் ஓரங்களில் முதலில் மோர்ப் புளிப்பு. அடுத்து ஈறு இழுத்துக்கொள்கிற துவர்ப்பு, நாவல் பழம் பத்துப் பதினைந்து தின்றால் வருமே, அது. பீப்பாயில் முன்னே குடியிருந்த ஒயினின் தோல் வாசம் நடுவில் வந்து போனது. கடைசியில் தொண்டையில் ஒரு கிள்ளு. அது மோர்ப் புளிப்பு இல்லை, காடிப் புளிப்பு, அதாவது வினிகர். கூடவே நகப்பூச்சு வாசனை ஒரு நூல்.

அந்தக் கிள்ளு எனக்குப் பிடிக்கவில்லை. இது எப்போது உள்ளே வந்தது என்று கேட்டேன். முதலில் மழுப்பினான், அப்புறம் சொன்னான். பீப்பாய் வாயில் தண்ணீர் ஊற்றிய ஒரு காற்றுப்பூட்டு இருக்கும். உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வர முடியாது. கோடையில் தங்கை கல்யாணத்துக்கு அவன் ஆறு வாரம் இங்கே வந்திருந்தபோது அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பூட்டு காய்ந்து கிடக்கிறது. காற்று கிடைத்தால் காடிக் கிருமிக்குக் கொண்டாட்டம், சாராயத்தைப் பிடித்து அசிட்டிக் அமிலமாக்கிவிடும். அந்த அமிலமும் மிச்சச் சாராயமும் கூடினால் நகப்பூச்சு வாசனை வரும். ஆக, அந்தக் கிள்ளில் இருப்பது எங்கள் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பந்தலில் அவன் ஓடியாடியது நினைவுக்கு வந்ததும், அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை.

இருபது நிமிடம் கிண்ணத்தை அப்படியே விட்டோம். குதிரை மெதுவாகக் கிளம்பிப் போய்விட்டது. அந்த இடத்தில் அன்னாசித் தோல் சீவினால் வருகிற வாசனை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று முறை முகர்ந்தேன்.

ஏலத்துக்கு மதிப்புப் போடச் சொன்னால் எஃகுக்குத்தான் கூடுதல் விலை போடுவேன், அது குறையில்லாத சரக்கு. ஆனால் சாயங்காலம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்றால், பீப்பாயைப் பற்றி. 14 மாதம் அதிகம், 10 மாதத்தில் எடுத்திருக்கலாம் என்பது என் கணக்கு. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

உதகை வாசகர்: குதிரை வாசனை வந்தால் கெட்டுப்போனது என்றுதானே அர்த்தம்? வெளிநாட்டுச் சரக்கு என்பதால் சப்புக்கொட்டுகிறீர்களா?

நல்ல கேள்வி, குத்தலோடு கேட்டிருந்தாலும்.

அந்த வாசனையின் காரணகர்த்தா பிரெட்டனோமைசிஸ் என்கிற ஈஸ்ட். சுருக்கமாகப் பிரெட் என்பார்கள். 1904இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த கிளாசென் என்பவர், நாள்பட வைத்த ஆங்கில ஏல்களின் தனி வாசனைக்கு இதுதான் காரணம் என்று சொல்லிப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘பிரிட்டிஷ் பூஞ்சை’ என்று பொருள். இன்றைக்கு பெல்ஜியத்தின் அடையாளமாகப் பேசுகிற வாசனைக்கு இங்கிலாந்தின் பெயர்.

அது செய்கிற வேலை இதுதான். செசோன் ஈஸ்ட் கிராம்பும் மிளகும் மாதிரி வாசனையுள்ள பொருள்களை உண்டாக்கி வைக்கும், 4-வினைல் குவாயகால் அதில் ஒன்று. பிரெட் அதை மெதுவாக 4-எத்தில் குவாயகாலாக மாற்றும், வாசனை புகைப் பக்கம் போகும். அதன் பங்காளியான 4-எத்தில் பீனால்தான் தோல், தொழுவம், நனைந்த கம்பளி எல்லாம். அதாவது எஃகு பாட்டிலில் நான் முகர்ந்த மிளகுதான் பீப்பாயில் வயசாகிக் குதிரையானது. இதே பிரெட் ஒயின்காரர்கள் பலருக்கு ஜென்ம விரோதி, பீப்பாயில் கண்டால் அலறுவார்கள்.

கெட்டதா, நல்லதா என்பதை நான் கடைசியில்தான் கேட்பேன். ஏன் என்றால் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஃபேக்டரியின் டிரையரில் ஹீட்டர் குழாய் விரிசல் விட்டு, விறகுப் புகை தேயிலையில் ஏறிவிட்டது. கிண்ணத்தை முகர்ந்ததும் ‘புகை, தள்ளு’ என்று எழுதினேன். சரியான தீர்ப்புதான், அந்த லாட் விலை போகவில்லை. அதே வாரம் என் மேலாளர் மேஜை டிராயரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஒரு கிண்ணம் போட்டுக் கொடுத்தார். அதே புகை, இன்னும் பலமாக. ‘தள்ளு’ என்றேன். அது சீனாவின் ஊயி மலையிலிருந்து வருகிற லாப்சாங் சூஷாங். பைன் விறகுப் புகையில் வேண்டுமென்றே வாட்டி எடுக்கிற தேயிலை. நல்ல விலை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டார்.

எங்கள் ஃபேக்டரிப் புகை யாரும் கேட்காமல் வந்து உட்கார்ந்தது, தேயிலையின் சுவையைத் தின்றுவிட்டது. அந்தச் சீனப் புகைக்குக் கீழே தேயிலை உயிரோடு இருந்தது. பீப்பாய் பீரிலும் அப்படித்தான் பார்த்தேன். குதிரைக்குக் கீழே பீர் இருந்தது. காடிக்குக் கீழே இல்லை. அதனால் முதலாவதை ஏற்றுக்கொண்டேன், இரண்டாவதைக் குறை என்று எழுதினேன். வெளிநாட்டு மோகம் இருந்திருந்தால் இரண்டையும் புகழ்ந்திருப்பேன்.

ஊர் குறிப்பிடாத வாசகர்: குடும்பத்தில் எல்லோரும் படிக்கிற பத்திரிகையில் மதுவைப் பற்றி எழுதலாமா?

யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, நானும் நாலு மடக்குதான் விழுங்கினேன். இந்தப் பழி எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் தொழிலில் வடித்த தேநீர்ச் சாற்றுக்கு ‘லிக்கர்’ என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில், "இன்னைக்கு மட்டும் 200 லிக்கர் பார்த்தேன், தலை சுத்துது" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் அவர் என்னிடம் பேசவில்லை.

கூடலூர் வாசகர்: எங்கள் எஸ்டேட்டில் நூற்றுக்கணக்கில் சில்வர் ஓக் நிற்கிறது. அதில் பீப்பாய் செய்ய முடியாதா? ஓக் பீப்பாய்க்கு ஏன் அவ்வளவு மவுசு?

பெயரில்தான் ஓக். தேயிலைக்கு நிழலுக்காக நாம் நட்ட சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்தது, நிஜ ஓக்குக்கு ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. மிளகுக் கொடி ஏற்றுங்கள், அதற்கு அருமையான மரம்.

நிஜ ஓக்கிலும் எல்லாம் பீப்பாய்க்கு ஆகாது. மரத்துக்குள் நீரேறும் நுண்குழாய்கள் உண்டு. வெள்ளை ஓக் முற்றும்போது அந்தக் குழாய்களுக்குள் ஜவ்வு மாதிரி வளர்ந்து தானே அடைத்துக்கொள்ளும். அதனால் ஒழுகாது. சிவப்பு ஓக்கில் அந்த அடைப்பு சரியாக அமையாது, ஒரு துண்டை எடுத்து ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். அதில் பீப்பாய் செய்தால் தரைதான் குடிக்கும்.

பலகையை வளைக்க உள்ளே தீ மூட்டுவார்கள். அந்தச் சூட்டில் மரத்தில் வெனிலின் உண்டாகும், ஐஸ்கிரீம் கடை வெனிலா வாசனையின் மூலப்பொருள். தேங்காய் வாசனை தரும் லாக்டோன்களும் ஓக்கில் உண்டு. அமெரிக்க போர்பன் விஸ்கியை உள்பக்கம் கரியேற்றிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாததால், காலிப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்து விஸ்கிக்கும் உலகம் முழுக்க இருக்கிற பீர் ஆலைகளுக்கும் போய்ச் சேருகின்றன.

எங்கள் பையன் வாங்கியது பல வருடம் ஒயின் இருந்த கிழட்டுப் பீப்பாய். அதில் வெனிலாவும் தேங்காயும் ஏறத்தாழ வடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது துவர்ப்பும், பலகை வழியாகத் துளித்துளியாகக் கசிந்து உள்ளே வருகிற காற்றும்தான். பிரெட்டுக்கு அந்தத் துளி போதும். அதிகமானால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கொடைக்கானல் வாசகி: எங்கள் தோட்டத்தில் பிளம்ஸ் கொட்டிக் கிடக்கிறது. இந்த மாதிரி வீட்டில் செய்து பார்க்கலாமா? குளிர் ஊர்தானே.

கூடாதம்மா. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இங்கே இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் நொதிக்கவைத்து மது செய்வது குற்றம். சோதனைக்கு, ஆசைக்கு என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் அந்தச் சுவைகளைப் பிரித்து அறிய மது வேண்டியதில்லை. மூன்று டம்ளர் எடுங்கள். ஒன்றில் நேற்றைய மோர், தெளிவை மட்டும். இரண்டாவதில் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர். மூன்றாவதில் பத்து நிமிடம் ஊறவைத்து ஆறவைத்த கடுந்தேநீர், பாலும் சர்க்கரையும் கூடாது. முதலாவது நாக்கின் மேல் பரவும், முகம் சுளிக்காது. இரண்டாவது மூக்கிலேயே குத்தும், தொண்டையைக் கிள்ளும். மூன்றாவது புளிக்கவே புளிக்காது, ஆனால் கன்னத்தின் உள்பக்கம் சொரசொரக்கும். புளிப்பையும் துவர்ப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம், என்னிடம் வேலை கற்க வந்த பையன்களில் பாதிப் பேர் முதல் மாதம் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். பிறகு மூன்றையும் ஒரு கரண்டி வீதம் கலந்து குடித்துப் பாருங்கள். குதிரை தவிர, பீப்பாய் பீரின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது.

கிருமியை வளர்க்கிற ஆசை இருந்தால் கொடைக்கானல் குளிரில் இட்லி மாவைப் பொங்கவைத்துக் காட்டுங்கள். அதற்கே பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைக்க வேண்டியிருக்கிறது. பிளம்ஸை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுவிடுங்கள்.

வெலிங்டன் வாசகர்: தேயிலையையும் ‘ஃபெர்மென்ட்’ செய்வதாகத்தானே சொல்கிறோம். இரண்டும் ஒன்றா?

சொல் ஒன்று, காரியம் வேறு. கறுப்புத் தேயிலையில் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் வேலையே இல்லை. கசக்கிய கொழுந்தின் சாறு காற்றுப்பட்டுச் சிவக்கிறது, வெட்டிவைத்த ஆப்பிள் கறுப்பதைப் போல. ஆக்சிஜனேற்றம் என்பதே சரி. ஆனால் ஃபேக்டரியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள், நானே இன்னும் ஃபெர்மென்டிங் ரூம் என்றுதான் சொல்கிறேன்.

அருவங்காடு வாசகர்: நீலகிரியில் முன்பு பீர் ஆலை இருந்ததாக என் தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மை. இங்கே குடியேறிய வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கப்பலில் வருகிற பீர் கட்டுப்படியாகவில்லை. குளிர் ஊர், நல்ல தண்ணீர். காஸில் ப்ரூவரி என்ற ஆலையின் வரலாறு 1857 வரை பின்னால் போகிறது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதையும் நீலகிரி ப்ரூவரியையும் தென்னிந்தியாவின் வேறு சில சின்ன ஆலைகளையும் சேர்த்துத்தான் யுனைடெட் ப்ரூவரீஸை உருவாக்கினார். பெரிய மரப் பீப்பாய்களை மாட்டு வண்டியில் ஏற்றிப் பட்டாளத்துக்கு அனுப்புவார்கள். படகர் வயல்களில் பார்லி விளைந்த காலம். இப்போது அந்தச் சரிவுகளில் எல்லாம் தேயிலையும் கேரட்டும்.

பழனி வாசகர்: மரத்துக்குள் மதுவைப் போட்டுப் பதப்படுத்துவது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு. நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சரிதானே?

உங்கள் ஊர்க்காரர்தான் இதைக் கேட்கக் கூடாது. பழனியைத் திருவாவினன்குடி என்று பாடுகிற திருமுருகாற்றுப்படையிலேயே, மலைக் குறவர்கள் நெடிய மூங்கிலுக்குள் முற்றவிட்ட தேன் கள்ளைச் சுற்றத்தோடு குடித்து மகிழ்ந்ததாக வருகிறது. மூங்கில் ஓக் இல்லைதான். புல் வகை. ஆனால் மூடிவைத்துக் காத்திருந்த யோசனை அதுவேதான்.

குன்னூர், பெட்ஃபோர்ட் வாசகி: இரண்டு பேர் நாலு மடக்குக் குடித்தால் பாட்டில் காலியாகாதே. மீதி என்ன ஆயிற்று?

கணக்கு வாத்தியார் போல. எஃகு பாட்டிலை அக்கா மகன் சாயங்காலம் மிளகு வறுவலோடு முடித்தான். பீப்பாய் பாட்டிலில் அரைவாசி இருந்தது. அது இன்னும் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம் என்று தக்கையை லேசாகச் செருகிச் சமையலறை மாடத்தில் வைத்தேன். தினம் காலையில் ஒரு கரண்டி. மூன்றாம் நாள் அன்னாசி போய்விட்டது. ஆறாம் நாள் மோர்ப் புளிப்பை எல்லாம் காடி விழுங்கிவிட்டது. பத்தாம் நாள் மாடத்தைப் பார்த்தால் பாட்டில் இல்லை.

"அதுவா, புளிக்கு ஆகுமேன்னு உப்பு போட்டு அண்டா தேய்ச்சிட்டேன்" என்றாள் மனைவி. குத்துவிளக்கை அதில் தொட மாட்டாளாம், அண்டாவுக்குப் பரவாயில்லையாம். பெல்ஜியத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். 14 மாத உழைப்பு என்று வருத்தப்படுவான் என்று பார்த்தால், "நல்லா வெளுத்துச்சா மாமா?" என்று கேட்கிறான். வெளுத்தது. பித்தளை பளபளவென்று இருக்கிறது. வெந்நீர் போட்டால் மட்டும் இரண்டு நாளைக்கு லேசாகக் குதிரை வந்தது.